ஓ.டி. குறைந்தால் விலை இறங்கும்

பினாங்கு விமான நிலையம் ஜார்ஜ் டவுன் நகரத்தில் இல்லை. தீவின் தென்கிழக்கு மூலையில், பாயான் லெப்பாஸில் இருக்கிறது. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து நேரடி விமானம் தொடங்கியதும் நம்மவர் இங்கே வந்துபோவது எளிதாகிவிட்டது. கொம்தார் கோபுரம், பழைய நகரத்துச் சுவரோவியங்கள், தண்ணீர்மலைக் கோயில் என்று பட்டியலோடு இறங்குகிறவர்கள் வாடகை வண்டி பிடித்து வடக்கே போய்விடுகிறார்கள். வண்டி கிளம்பிய சில நிமிடங்களில் சாலையோரம் வந்துபோகும் நீண்ட, ஜன்னல் குறைந்த கட்டடங்களை யாரும் படம் எடுப்பதில்லை. எனக்கோ இந்தத் தீவில் பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்ததே அவற்றைத்தான்.

சிப் என்பது ஓரிடத்தில் பிறந்து முடிந்துவிடும் பொருள் அல்ல. சிலிக்கான் வட்டில் சுற்றுகளைப் பதிப்பது ஓர் ஊர். அந்த வட்டை நறுக்கி, துண்டுகளை அடித்தட்டில் பொருத்தி, சூட்டிலும் மின்சாரத்திலும் வாட்டிச் சோதித்து, தரம் பிரித்து அனுப்புவது வேறு ஊர். அந்த இரண்டாவது வகை வேலையில் உலக அளவில் ஏறத்தாழ 13 சதவீதம் மலேசியாவில் நடக்கிறது என்பது அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. அதன் நடுமையம் பினாங்கு. முடிந்த சிப்புகள் எடை குறைவு, விலை அதிகம். அதனால் அவை கப்பலுக்குக் காத்திருப்பதில்லை. விமான நிலையமும் தொழிற்பேட்டையும் அக்கம்பக்கத்தில் இருப்பது அந்த வியாபாரத்துக்குப் பெரிய வசதி.

இங்கே ஒரு காலத்தில் நெல் வயல்தான் இருந்தது. 1969இல் பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைக்கு மேல் போனது. அப்போது முதலமைச்சராக வந்த லிம் சொங் இயு, வெளிநாட்டு மின்னணுக் கம்பெனிகளைத் தேடிப் போய் அழைத்துவந்தார். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் உருவானது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை இங்கே ஐந்து ஏக்கர் நிலத்தில் போட்டது. ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, பாஷ், லிட்ரோனிக்ஸ், கிளாரியன் என்று அந்தக் காலகட்டத்தில் வந்தவர்களை இன்டெலோடு சேர்த்து ‘எட்டு சாமுராய்கள்’ என்று சொல்வது இங்கே வழக்கம். 1975 மே தினத்தன்று இன்டெல் ஆலை தீப்பிடித்து எரிந்தது. மறுபடி கட்டினார்கள். கடலையொட்டி நகரத்துக்குப் போகும் விரைவுச்சாலைக்கு இன்று லிம் சொங் இயுவின் பெயர்.

நான் வந்தது தைப்பூசத்துக்கு. சுங்கை ஆராவில் என் பெரியப்பா மகள், அக்கா, குடும்பத்தோடு இருக்கிறார். அத்தான் ஒரு சிப் ஆலையின் சோதனைப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்காவின் மாமியார், நானும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன், எழுபதுகளில் முதல் வரிசை ஆலைகளில் ஒன்றில் வேலை பார்த்தவர். தோட்டத்தில் பிறந்து, செபராங் பிறையிலிருந்து பெர்ரி ஏறித் தீவுக்கு வந்து, கம்பெனி பஸ் பிடித்து வேலைக்குப் போனவர். பாலம் 1985இல்தான் வந்தது. வீட்டின் கடைசிப் பையன், இருபது வயது, நான் பசியாறி முடிப்பதற்குள்ளேயே விஷயத்துக்கு வந்துவிட்டான்.

“மாமா, ரெண்டாயிரத்து ஐநூறு வெள்ளி சேத்து வச்சிருக்கேன். ஒரு கேமிங் பிசி கட்டணும். ராம் விலையப் பாத்தா பயமா இருக்கு. இப்ப வாங்கலாமா, காத்திருக்கலாமா?”

வெள்ளி என்று இங்கே சொல்வது மலேசிய ரிங்கிட்டை. கணினிப் பாகங்களைத் தேர்ந்து கோப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். சென்னை ரிச்சி தெருவில் பல பேருக்காக அலைந்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு என் பதில் எப்போதும் “பாகம் பாகமாகப் பிரித்துக் கேள்” என்பதுதான். ஒரு கணினி ஒரே பொருள் போலத் தெரிந்தாலும் அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனிப் பஞ்சாங்கம் உண்டு. பிராசஸர் ஒரு கணக்கில் விலை இறங்கும், ராம் வேறு கணக்கில், கிராபிக்ஸ் கார்டு மூன்றாவது கணக்கில். எல்லாம் ஒருசேர மலிவாகும் நாள் வருவதே இல்லை. கையில் பணம் குறைந்தவனுக்கு இருக்கும் ஒரே பேரம் பேசும் பலம் காலம். அதை எந்தப் பாகத்துக்குச் செலவழிப்பது என்பதுதான் தெரிய வேண்டும்.

நான் இதை விளக்கத் தொடங்கியபோது அத்தான் குறுக்கிட்டார். அவர் சொன்னதை இந்தப் பயணம் முழுக்க நான் மனதில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

“ஓ.டி. நெறைய கெடைச்சா வெளியில சாமான் இல்லேன்னு அர்த்தம். விலை ஏறும். ஓ.டி. நின்னுச்சுன்னா, கொஞ்ச மாசத்துல கடையில விலை எறங்கிடும். வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து இதப் பாத்துட்டு வர்றேன், தம்பி.”

ஓ.டி. என்றால் ஓவர்டைம், மிகைநேர வேலை. பாயான் லெப்பாஸில் வீட்டுக் கடன் தவணையும் பிள்ளைகளின் டியூஷனும் அதை நம்பி ஓடுகின்றன. சந்தை ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதும் விஷயத்தை இந்த ஊர்க் குடும்பங்கள் சம்பளச் சீட்டில் படித்திருக்கின்றன. 1985இல் உலகச் சிப் சந்தை சரிந்தபோது பினாங்கில் ஆட்குறைப்பு நடந்தது. 2001இல் மறுபடி. பெருந்தொற்று ஆண்டுகளில் உலகமே வீட்டிலிருந்து கணினி வாங்கியபோது ஆலைகள் இரவு பகலாக ஓடின. 2022 பிற்பாதியில் அந்த வாங்கல் நின்றதும், கிடங்குகளில் சரக்கு தேங்கியது. 2023இல் ராமும் எஸ்.எஸ்.டி.யும் அடிமட்ட விலைக்கு வந்தன. சாம்சங் அந்த ஏப்ரலில் மெமரி உற்பத்தியைக் குறைப்பதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. உற்பத்தியைக் குறைத்தால் என்ன ஆகும்? அடுத்த ஏற்றத்துக்கு விதை விழும். அத்தான் சொன்ன சக்கரம் இதுதான். அவருக்கு வருமானம் குறைந்த காலமும் கடையில் விலை குறைந்த காலமும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. இந்த ஊரில் கணினி வாங்க மலிவான நேரம், வாங்கக் கையில் காசில்லாத நேரம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் புகார் எதுவும் இல்லை. கேட்ட எனக்குத்தான் மனம் கனத்தது.

மெமரிச் சக்கரம் இப்போது சுற்றியிருப்பது வேறு மாதிரி. 2025 செப்டம்பருக்குப் பிறகு செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு மெமரி தேவை பெருகி, ஆண்டு முடிவதற்குள் சில்லறை ராம் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறியது. டிசம்பர் 3 அன்று மைக்ரான், தன் குரூஷியல் பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த ராம், எஸ்.எஸ்.டி. வியாபாரத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. அதே மைக்ரானுக்கு இங்கே, பெருநிலப் பக்கம் பத்து காவானில், பெரிய ஆலை இருக்கிறது. 2023 அக்டோபரில் அங்கே இரண்டாவது கட்டடம் திறந்தார்கள். பாயான் லெப்பாஸுக்குத் தெற்கே பத்து மாவுங்கிலிருந்து 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம் அங்கேதான் போய் இறங்குகிறது. அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கும் கடையில் ராம் அதே விலைதான். ஆலையிலிருந்து சரக்கு விநியோகஸ்தரிடம் போய்ச் சுற்றி வந்துதான் கடைக்கு வரும். பிறந்த ஊர்ச் சலுகை என்று எதுவும் கிடையாது.

மறுநாள் காலை பையனும் நானும் ரேப்பிட் பினாங்கு 401இ பஸ்ஸில் ஏறி கொம்தாருக்குப் போனோம். பாம்புக்கோயிலைத் தாண்டும்போது ஷிப்ட் முடிந்த பெண்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சீனப் புத்தாண்டு நெருங்குகிற நேரம். கடைகளில் சிவப்புத் தோரணம். கொம்தாரின் கணினிக் கடைகளில் முன்வரிசையில் வைத்திருப்பது வண்ண விளக்கு எரியும் பெட்டிகள். பையனின் கண் அங்கேதான் போனது. நான் அவனிடம் முதலில் கேட்டது, என்ன விளையாடப் போகிறாய் என்பதை.

வாலரண்டும் டோட்டா 2வும் அவன் கூட்டாளிகளோடு அன்றாடம் ஆடுவது. கூடவே, 2024 ஆகஸ்டில் வந்த பிளாக் மித் வூகோங்கை ஒருமுறை முழுதாக முடித்துப் பார்க்க வேண்டும் என்பது ஆசை. இந்த இரண்டு வகைக்கும் வேண்டியது வேறு. வாலரண்ட் போன்ற போட்டி விளையாட்டுகள் பிராசஸரின் வேகத்தைக் கேட்பவை. சாதாரண கிராபிக்ஸ் கார்டே போதும். வூகோங் கார்டைத்தான் வாட்டும். ஆடும் விளையாட்டைத் தெரிந்துகொள்ளாமல் பாகம் தேர்வது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது.

பிராசஸருக்கு அதிக யோசனை தேவைப்படவில்லை. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 பொருத்துமுகம் பழசுதான், ரைசன் வரிசை அதில் வந்தது 2017இல். ஆனால் அது பழைய டி.டி.ஆர்.4 ராமை ஏற்கும். புதிய ஏ.எம்.5 டி.டி.ஆர்.5ஐ மட்டுமே ஏற்கும். ராம் விலை சாதாரணமாக இருந்த காலத்தில் நான் யாருக்கும் ஏ.எம்.5தான் சொல்வேன், பிற்காலத்தில் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால். இன்றைய நிலையில் 2500 வெள்ளிக்குள் அது முடியாது. 2022 ஏப்ரலில் 199 டாலருக்கு அறிமுகமான ரைசன் 5 5600 இப்போது அதைவிட வெகுவாக இறங்கிவிட்டது. ஆறு கோர், பன்னிரண்டு திரெட். நாளை பணம் வந்தால் அதே மதர்போர்டில் எட்டுக் கோர் ரைசனைப் போட்டுக்கொள்ளலாம்.

இங்கே அத்தானின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மலிவான சிப் என்றால் மட்டமான சிப் என்று பையன் நினைத்துக்கொண்டிருந்தான். நறுக்கிய துண்டுகள் எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதில்லை. சிலவற்றில் ஒரு மூலை மட்டும் பழுதாக இருக்கும். சில குறைந்த மின்னழுத்தத்திலேயே வேகமாக ஓடும், சில ஓடாது. சோதனைப் பிரிவு ஒவ்வொன்றையும் சூடேற்றி ஓடவிட்டு, சீக்கிரம் சாகக்கூடியவற்றை அங்கேயே சாகவிட்டு, மிச்சத்தை வேகத்துக்கு ஏற்பப் பிரிக்கும். ரைசன் 5 5600இன் உள்ளே இருப்பது எட்டுக் கோர் கொண்ட துண்டுதான். அதில் இரண்டை அணைத்துவிட்டு ஆறு கோர் என்று விற்கிறார்கள். ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 கார்டின் சிப்பும் அப்படியே: முழுச் சிப்பில் கணக்கிடும் அலகுகள் 32, இதில் திறந்திருப்பவை 28. இன்டெல் பெயரின் கடைசியில் வரும் எஃப் என்ற எழுத்து, உள்ளிருக்கும் கிராபிக்ஸ் பகுதி வேலை செய்யாது என்பதைச் சொல்கிறது. தனிக் கார்டு போடப்போகிறவனுக்கு அது இல்லாததில் நட்டமே இல்லை, விலையும் குறைவு. வேண்டாத பகுதிக்குக் காசு கொடுக்காமல் தப்பிப்பதற்கு இந்தத் தரம்பிரிப்பு நமக்குக் கிடைத்த வழி.

அன்று இரவு அத்தான் தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய பென்டியம் 4ஐ எடுத்துக் காட்டினார். உலோக மூடியின் மேல் இன்டெல் பெயர், வேகம், அதற்குக் கீழே ஊர்ப் பெயராக ‘மலாய்’ என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருந்தது. மலேசியாவில் பொதிந்து சோதித்தது என்று அர்த்தம். அத்தை அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திருப்பி அடிப்பக்கத்துக் கால்களைப் பார்த்தார். அவர் காலத்தில் சிப்பின் ஓரத்திலிருந்து வெளிக்கால்களுக்குத் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கையால் ஓட்டி ஒட்டுவார்கள். ஒரு கம்பி பக்கத்துக் கம்பியைத் தொட்டால் அந்தச் சிப் குப்பை. எட்டு மணி நேரம் குனிந்த கழுத்து. “கையி நடுங்கக் கூடாது. காலையில காப்பி கூட கொறச்சுதான் குடிப்போம்” என்றார். இப்போது அந்த வேலையை இயந்திரம் செய்கிறது. பிராசஸர்களில் கம்பியே இல்லை, துண்டைக் குப்புறக் கவிழ்த்து, ஈயம் போன்ற நுண்ணிய புள்ளிகளால் அடித்தட்டில் பதித்துவிடுகிறார்கள். அந்தத் தலைமுறைப் பெண்களின் கழுத்து வலியைப் பற்றி எந்தப் பெட்டியிலும் அச்சடித்திருக்கவில்லை. இனி எந்தப் பிராசஸரைக் கையில் எடுத்தாலும் எனக்கு அத்தையின் விரல்கள் நினைவுக்கு வரும்.

கிராபிக்ஸ் கார்டுக்கு வருவோம். பட்ஜெட்டில் பெரிய பங்கு இதற்குப் போக வேண்டும், ஐந்தில் இரண்டு பங்காவது. புதிதாக வாங்கினால் மற்றதற்கு மிஞ்சாது என்பதால் பழைய சந்தையைத்தான் பார்த்தோம். ஆர்.எக்ஸ். 6600 வந்தது 2021 அக்டோபரில், 329 டாலர் என்று அறிவித்து. அப்போது அந்த விலைக்குக் கிடைப்பது அரிது. எதீரியம் நாணயம் தோண்டுகிறவர்கள் கார்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் தன் முறையையே மாற்றி, கார்டால் தோண்டும் வேலைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. சில வாரங்களில் பழைய கார்டுகள் சந்தையில் கொட்டின. அந்தச் செப்டம்பரில் பொறுமையாக இருந்தவர்கள் பாதி விலைக்கு வாங்கினார்கள். அதற்கு ஆறு மாதம் முன்பு அவசரப்பட்டவர்கள் இரட்டிப்பாகக் கொடுத்தார்கள். 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து வன்தட்டு ஆலைகள் மூழ்கியபோதும் இதே கதைதான். சில வாரங்களில் ஹார்ட் டிஸ்க் விலை இரட்டித்தது, பழைய நிலைக்கு வர நெடுங்காலம் ஆனது. நம் தெருவில் நடக்காத ஒன்று நம் பையிலிருந்து காசை எடுத்துக்கொண்டு போகிறது.

பாயான் லெப்பாஸுக்கு என்று ஒரு தனிப் பருவமும் இருக்கிறது என்று பையன் சொன்னான். ஆண்டு முடிவிலும் சீனப் புத்தாண்டுக்கு முன்பும் ஆலைகளில் போனஸ் வரும். இளைஞர்கள் புதுக் கார்டு வாங்கிவிட்டுப் பழசை முகநூல் சந்தையில் போடுவார்கள். அதைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை வந்தது. அன்றே பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஆர்.எக்ஸ். 6600 ஒன்று பார்க்கப் போனோம். விற்றவர் ஆலையில் வேலை பார்க்கும் சீன இளைஞர், பையனை ‘பாஸ்’ என்று கூப்பிட்டார், பையனும் அவரைப் ‘பாஸ்’ என்றான். இந்த ஊரில் வாங்குகிறவர், விற்கிறவர் எல்லாருமே பாஸ்.

பழைய கார்டை எப்படிப் பார்ப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காசு போவது இங்கேதான். முதலில் பின்பக்கத் திருகாணிகள். தலையில் கறுப்புப் பூச்சு உரிந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். கழற்றியது தப்பில்லை, ஏன் என்று கேட்க வேண்டும். அடுத்து, மெமரிச் சிப்புகளின் மேல் இருக்கும் வெப்பப் பட்டையிலிருந்து எண்ணெய் கசிந்து பலகையில் பளபளக்கிறதா என்று ஓரத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நெடுநாள் சூட்டில் ஓடிய கார்டில் அது தெரியும். விசிறியை விரலால் மெதுவாகச் சுற்றிவிட்டால் சத்தமின்றி நிற்க வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. இதெல்லாம் முடிந்த பிறகு அவர்கள் கணினியிலேயே பொருத்தி, கால் மணி நேரமாவது கடுஞ்சோதனை ஓடவிட்டு, திரையில் புள்ளி புள்ளியாகவோ கோடு கோடாகவோ வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கார்டில் ஒரு திருகாணியில் மட்டும் கீறல் இருந்தது. சூடு தணிக்கும் களிம்பு மாற்றினேன் என்றார், மாற்றியபோது எடுத்த படத்தையும் காட்டினார். கடுஞ்சோதனையில் எண்பது டிகிரிக்குக் கீழேயே நின்றது. சீரியல் எண்ணை வைத்துப் பார்த்ததில் உத்தரவாதம் முடிந்துவிட்டிருந்தது. அதைச் சொல்லி நூறு வெள்ளி குறைத்தோம்.

ராமுக்கு நாங்கள் கண்ட வழி எனக்கே மனநிறைவு தந்தது. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வ அனுமதி. ஆகவே ஆறாம், ஏழாம் தலைமுறை அலுவலகக் கணினிகள் மூட்டை மூட்டையாகப் பழைய சாமான் கடைகளுக்கு வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது டி.டி.ஆர்.4 ராம். புக்கிட் ஜம்புல் வளாகத்துக்குப் பக்கத்தில் பழைய கணினி விற்கும் ஒரு கடையில் 8 ஜி.பி. பட்டைகள் ஒரு தட்டில் கிடந்தன. கடைக்காரரும் விலையை ஏற்றித்தான் வைத்திருந்தார். ஆனாலும் புதியதில் பாதி கூட இல்லை. ஒரே கம்பெனிப் பட்டையாக இரண்டு எடுத்தோம். ஒன்றாக 16 ஜி.பி. போடுவதைவிட இரண்டு எட்டாகப் போட்டால் பிராசஸர் இரு வழியிலும் ஒரே நேரத்தில் படிக்கும். விளையாட்டில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இவை 2400 வேகம், ரைசனுக்குப் பிடித்தது 3200க்கு மேல். கொஞ்சம் பிரேம் குறையும். அந்த இழப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டோம். மடிக்கணினி அளவுச் சின்னப் பட்டைகளும் அதே தட்டில் கலந்து கிடக்கும், அவை மேசைக் கணினியில் ஏறாது.

அந்தக் கடையில் ஒரு முழு அலுவலகப் பெட்டியையே வாங்கி, கார்டு மட்டும் சொருகிவிடலாமே என்று பையன் கேட்டான். பலர் அதைச் செய்கிறார்கள், பணம் ஆயிரம் வெள்ளிக்குள் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த ஒல்லிப் பெட்டிகளின் பவர் சப்ளை கம்பெனிக்கென்றே செய்த அளவு, வேறு பொருந்தாது. கார்டுக்குத் தனி மின்கம்பி இருக்காது. சொருகும் இடத்திலிருந்து கிடைப்பது 75 வாட்தான். ஆர்.எக்ஸ். 6600க்கு வேண்டியது 132. தவிர, வாலரண்ட் விண்டோஸ் 11இல் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும், பழைய பெட்டிகளில் பல அங்கேயே நின்றுவிடும்.

எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பவர் சப்ளை. அது சந்தைச் சக்கரத்தோடு பெரிதாக ஏறி இறங்குவதில்லை. தள்ளுபடி நாளுக்காகக் காத்திருந்து மிச்சமாவது ஒரு வேளை நாசி கண்டார் காசு. ஆனால் பெயர் தெரியாத மலிவானதைப் போட்டால், ஒரு நாள் இடி மின்னலில் தன்னோடு மற்றதையும் கொண்டுபோகும். பினாங்கில் இடி மழைக்குப் பஞ்சமில்லை. நல்ல பெயருள்ள 550 வாட் ஒன்றைப் புதிதாக, ஐந்தாண்டு உத்தரவாதத்தோடு வாங்கவைத்தேன். பெட்டி எதுவானாலும் முன்பக்கம் வலையாக இருக்கட்டும் என்றேன். பகல் வெயில் 32 டிகிரியில் நிற்கிற ஊரில் கண்ணாடி முகப்பு வைத்த பெட்டி அழகாக வேகும்.

இணையத்தில் 11.11, 12.12 என்று வரும் தள்ளுபடி நாட்களைப் பற்றிப் பையனுக்குப் பெரிய எண்ணம் இருந்தது. கேஸ், விசிறி, கீபோர்டுக்கு அவை நல்ல நாட்கள்தாம். ராம், கார்டு போன்றவற்றின் விலையை அந்தத் தேதிகள் தீர்மானிப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைக்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 சதவீத வரி உண்டு, அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமானது வெள்ளியின் மதிப்பு. 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.80 வெள்ளியைத் தொடும் நிலைக்குப் போயிருந்தது; 1998க்குப் பிறகு அவ்வளவு கீழே போனதில்லை. 2025 முடிவில் 4.10க்கும் கீழே வந்துவிட்டது. டாலரில் ஏறாத பாகங்கள் அந்த அளவுக்கு இங்கே மலிவாகியிருக்கின்றன. நாங்கள் பிராசஸரையும் மதர்போர்டையும் புதிதாக வாங்கத் துணிந்ததற்கு இதுவும் காரணம்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் வெள்ளி ரதம் கிளம்புவதைப் பார்க்க எல்லாரும் நகரத்துக்குப் போய்த் திரும்பியபின், கூடத்துத் தரையில் செய்தித்தாள் விரித்துக் கோத்தோம். பையன்தான் கோத்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். பிராசஸரை வைக்கும்போது மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைப் பார்த்து, அழுத்தாமல் தானாக இறங்கவிட்டான். அவன் பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவன் கை நடுங்குகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தார். நடுங்கவில்லை. வூகோங் 1080பி அளவில், நடுத்தர அமைப்பில், விநாடிக்கு அறுபது பிரேமைத் தொட்டும் தொடாமலும் ஓடியது. வாலரண்ட் அதைப் போல இருமடங்குக்கும் மேலே போனது.

ஆனால் அதைக் காட்ட மானிட்டர் இல்லை. அவனிடம் இருந்தது 60 ஹெர்ட்ஸ் பழைய திரை. கணினி எத்தனை பிரேம் வரைந்தாலும் அது விநாடிக்கு அறுபதுக்கு மேல் காட்டாது. கையில் மிச்சம் இருநூறு வெள்ளிக்கும் குறைவு. மானிட்டருக்கு நிதானமாகக் காத்திருக்கலாம் என்றேன். ராமையும் கார்டையும் போல அதன் விலையைத் தரவு மையங்கள் பிடித்து இழுப்பதில்லை, இன்னும் சில மாதம் போனால் நட்டமில்லை. மறுபடி காசு சேர்ந்ததும் முதலில் அது, அதன் பிறகுதான் ராம்.

“ராம் எப்ப வாங்கட்டும், மாமா?” என்றான்.

என்னைவிட அத்தானுக்குத்தான் பதில் தெரியும் என்று அவர் பக்கம் திரும்பினேன். “பத்து காவான்ல என் கூட்டாளி மவன் ஒருத்தன் மெமரி லைன்ல இருக்கான்” என்றார் அத்தான். “இப்ப ஞாயித்துக்கெழம கூட ஓ.டி.ன்னு சொல்றான். அவனுக்கு நிக்கிறப்ப சொல்றேன். அதுவரைக்கும் இந்தப் பதினாறையே வச்சு ஓட்டு.”